ஆறாவது குவளை

முப்பத்திரண்டு வருஷப் பழக்கத்தில் ரோஸ்விதாவின் கை திருவிழா உடுப்பின் ஏப்ரன் நாடாவை வலப்பக்கமே கொண்டுபோனது. வலப்பக்கம் முடிச்சுப் போட்டால் கல்யாணமானவள், இடப்பக்கம் முடிந்தால் இன்னும் ஆள் அமையாதவள் என்பது எர்லன்வீஸ் கிராமத்தில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். அவள் நாடாவை அவிழ்த்து முதுகுக்குப் பின்னால் முடிந்தாள். விதவைகளுக்கு அதுதான் இடம். பீர் பரிமாறும் பெண்களும் அங்கேதான் முடிவார்கள். இரண்டு பேரையும் ஒரே முடிச்சில் போட்ட புண்ணியவான் யாரென்று தெரியவில்லை, நிச்சயம் ஆம்பிளையாகத்தான் இருப்பான்.

மியூனிக்கிலிருந்து மகள் போனில் அழைத்தாள்.

"இந்த வருஷம் திருவிழாவுக்குப் போகாட்டி என்னம்மா?"

"போறேன்."

"சரி, பொம்பளைங்க பெஞ்சுல ஓரமா உக்காந்துட்டு வந்துடு."

"அங்க இல்லடி. உங்கப்பா இடத்துல உக்காரப் போறேன்."

"அவங்க விடமாட்டாங்கம்மா."

"விடலைன்னா அத அவங்க வாயால சொல்லட்டும். கேட்டுக்கறேன்."

அவள் புருஷன் கோர்பினியன் போன நவம்பரில் மாட்டுக் கொட்டிலில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் அவரோடு சேர்த்து ஆறு பேர். பெரிய கஷ்கொட்டை மரத்தடி மேஜை அவர்களுடையது. ஆகஸ்டில் பீர் திருவிழா நடக்கும் பத்து நாளும் அங்கே வேறு யாரும் உட்கார மாட்டார்கள், பெண்டாட்டிகளும்கூட. கோர்பினியன் வீட்டுக்கு வரும்போது முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். "என்ன பேசுனீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பார். முப்பத்திரண்டு வருஷமாக அதே பதில். புருஷனில் பாதி அந்த மேஜையில் இருந்தது. அந்தப் பாதியை அந்த ஐந்து பேருக்கே விட்டுக்கொடுத்துவிட்டு மீதியோடு திருப்திப்பட அவள் தயாராக இல்லை.

திருவிழாத் திடலில் வெயில் கொளுத்தியது. பித்தளை வாத்தியக்காரர்கள் கன்னம் வெடிக்க ஊதிக்கொண்டிருந்தார்கள். நாலு அடி வைப்பதற்குள் வெளியூர்க்காரர் ஒருவர் கை தட்டினார். "ஏங்க, மூணு பீர், ரெண்டு கோழி."

"நானும் குடிக்கத்தான் வந்தேன்," என்று நகர்ந்தாள். அடுத்த வரிசையில் இன்னொருத்தர் பீரோடு கடிக்க முள்ளங்கி கேட்டார். அவருக்குப் பதிலே சொல்லவில்லை.

மரத்தடிக்கு வந்தாள். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சின் ஓரத்தில் கோர்பினியனின் இடம் காலியாக இருந்தது. அழுதுகொண்டு போய் நின்றால் அனுதாபம் கிடைக்கும், இடம் கிடைக்காது. அதனால் மேஜைக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பொண்ணே, இங்க அஞ்சு கொண்டா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

படைத் தலைவர் வின்சென்ஸின் குரல். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர், கோர்பினியனின் சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவர். இப்போது அவர் கண்ணில் பட்டதெல்லாம் முதுகும் முடிச்சும்தான்.

அவள் திரும்பவில்லை. சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அடுத்த நொடியே, சரி, அப்படியே ஆகட்டும் என்று பட்டது. நேராகப் பீர் ஊற்றும் இடத்துக்குப் போய் ஆறு சொன்னாள்.

ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் பிடிக்கும் கண்ணாடிக் குவளை. கைக்கு மூன்றாகக் காதுகளைச் சேர்த்துப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். நாற்பது வருஷம் பால் கேன் தூக்கிய கைகள்தான், ஆனால் பால் கேன் இப்படித் தளும்பாது. நுரை ரவிக்கையை நனைத்தது. கூட்டத்தில் ஒருத்தன் இடித்துவிட்டுப் போனான். விரல்கள் கழன்றுவிடும்போல் வலித்தன. பாதி வழியில் எங்காவது இறக்கிவைக்கலாமா என்று வந்த நினைப்பை அவள் அங்கேயே திட்டி அனுப்பினாள்.

ஐந்து குவளைகளை ஐந்து பேர் முன்னால் வைத்தாள். ஆறாவதைக் காலி இடத்துக்கு முன்னால் வைத்து, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வின்சென்ஸின் முகம் வேகவைத்த பீட்ரூட் மாதிரி ஆனது. "ரோஸ்விதா, நீயா? நான் வந்து... முடிச்சப் பாத்துட்டு..."

"பரவால்ல. கேட்டது வந்துருச்சுல்ல?"

"அது கோர்பினியன் இடம்," என்றார் அவர் மெதுவாக.

"தெரியும். இத்தனை வருஷம் சட்டை தேச்சுக் குடுத்து இங்க அனுப்பிவச்சது யாருன்னு நெனச்ச?"

பக்கத்தில் இருந்த ஒல்லியான குவிரின் இருமினார். மற்றவர்கள் நுரையைப் பார்த்தார்கள். போ என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, இரு என்று சொல்லவும் வரவில்லை.

ரோஸ்விதா குவளையைத் தூக்கி மேஜைக்கு நடுவே நீட்டினாள். முதல் வாய் குடிக்கும் முன் மேஜையில் இருக்கும் எல்லாக் குவளையும் ஒன்றோடொன்று மோத வேண்டும். மோதாத குவளைக்காரர் அந்த மேஜை ஆள் இல்லை. இது அவர்களே வைத்த சட்டம். ஆகவே அவளோடு மோதினால் அவளும் அவர்களில் ஒருத்தி. மோதாவிட்டால், அவள் கையை இறக்கும்வரை அந்த வெயிலில் ஐந்து பேருக்கும் ஒரு சொட்டு கிடையாது.

ஐந்து குவளைகளும் மேஜையில்தான் இருந்தன.

அவள் கையை மடக்கவில்லை. நுரை அடங்கியது. தோள் எரிந்தது, பிறகு முழங்கை, பிறகு கழுத்து. பக்கத்து மேஜைக்காரர்கள் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். குவளையை நீட்டிய கையில் தாங்கும் போட்டி திருவிழாவின் கடைசி நாளில் உண்டு, வாட்டசாட்டமான ஆண்களே ஒரு நிமிஷத்தில் ஆடிப்போவார்கள். குவிரின் தன்னையறியாமல் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

"போதும் ரோஸ்விதா, எறக்கு," என்றார் வின்சென்ஸ்.

"நீ தூக்கு, நான் எறக்கறேன்."

கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. இங்கேயே கை ஒடிந்து விழட்டும் என்று இருந்தாள்.

முதலில் தூக்கியது குவிரின்தான். குவளை டங்கென்று மோதியது. "எனக்குத் தாகம்பா," என்றார் யாரையும் பார்க்காமல். அப்புறம் அவருக்கு எதிரே இருந்தவர், அப்புறம் இன்னும் இரண்டு பேர். கடைசியில் வின்சென்ஸ் எழுந்து நின்றார். அவள் கண்ணைப் பார்த்து, குவளையின் அடிப்பாகத்தால் பலமாக மோதினார்.

எல்லோரும் குடித்தார்கள். ரோஸ்விதாவுக்குக் குவளையை வாய்க்குக் கொண்டுபோக இரண்டு கையும் தேவைப்பட்டது.

"ஒரு நிமிஷம் அம்பத்திரண்டு செகண்டு," என்றார் குவிரின் கடிகாரத்தைத் தட்டி. "கோர்பினியன் ஒருநாளும் ஒண்ணேகால் நிமிஷத்தத் தாண்டுனதில்ல."

அவள் குவளையை வைத்தாள். "என்னது? வீட்டுல மூணு நிமிஷம்னு சொன்னாரே."

மேஜை குலுங்கியது. "மூணா?" வின்சென்ஸுக்குச் சிரிப்பில் புரையேறியது. "அந்தக் கள்ளப்பய பாதியக் குடிச்சுட்டுத்தான் தூக்குவான். அதுவும் போட்டியில இல்ல, இங்க உக்காந்துக்கிட்டு."

ரோஸ்விதாவும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. நவம்பருக்குப் பிறகு முதன்முறையாக அவளுக்குக் கோர்பினியன்மேல் கோபம் வந்தது. உயிரோடு இருக்கிற புருஷன்மேல் வருகிற சாதாரணக் கோபம். அது அவ்வளவு சுகமாக இருந்தது.

"அந்த மனுஷன் இன்னும் என்னென்ன புளுகியிருக்காரு?" என்று முழங்கைகளை மேஜைமேல் ஊன்றிக்கொண்டாள். "ஒண்ணு விடாம சொல்லுங்க."