ஒன்பது பேரின் விலாசம்

எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளை எரித்தது கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்களா, வெள்ளைக்காரன் பட்டாளமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. போக்கிடம் இல்லாமல் பகாவ் பட்டணத்துக்கு வந்தேன். அங்கே தேநீர்க்கடை வைத்திருந்த சுல்தான் பாய், வீடிழந்த தோட்டத்து ஆட்களை மட்டுமே வேலைக்கு வைத்துக்கொண்டார். ஒன்பது பேர் இருந்தோம்.

மலாயா முழுக்க அவசரகாலம் என்பதால் எல்லாருக்கும் அடையாள அட்டை கட்டாயம். பதிய ஒரு கிராணி, அரசாங்கக் குமாஸ்தா, கடைக்கே வந்தார்.

"வீடு எங்க?"

நான் பாயைத் திரும்பிப் பார்த்தேன்.

"காத்தாயிக்கு இந்தக் கடைன்னே எழுதுங்க லா" என்றார் பாய்.

அடுத்தவனுக்கும் அதே விலாசம். ஒன்பதாவது ஆளிடம் கிராணி பேனாவைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் இங்கதான் படுக்குறீங்களா?"

"இங்க ஏதுங்க எடம்? கோயில்ல படுக்குறோம்" என்றேன்.

"அப்புறம் இது எப்படி வீடாகும்?"

"இருந்த வீட்ட எரிச்சது யாருன்னு ஒருத்தரும் கேக்கல! இத மட்டும் கேளுங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டே அதே விலாசத்தை எழுதினார்.

மறுநாள் அதே கிராணி டீ குடிக்க வந்து வாசலில் தயங்கி நின்றார். வாடிக்கைக்காரரா, விருந்தாளியா? எனக்கே குழப்பம்.

"உள்ள வாங்க" என்றேன். "என் வீடுதான். நீங்கதானே எழுதினீங்க?"