கம்பத்துக் குன்றில் ஒரு மடை

திருத்துறைப்பூண்டிக்காரனை மலை ஏறச் சொல்வதே தப்பு. எங்கள் பக்கம் வைக்கோல் போரை விட்டால் ஏறுவதற்கு எதுவும் கிடையாது. மருமகன் ரெத்தினமோ, "சின்னக் குன்றுதான் மாமா, பேசிக்கிட்டே ஏறிடலாம்" என்றார். கம்பத்தில் அந்தக் குன்றின் சரிவில்தான் அவரும் என் மகள் அம்சவல்லியும் திராட்சை போட்டிருந்தார்கள். முதல் காய்ப்பு. மறுநாள் வியாபாரி வருகிறார், இனித்தால்தான் எடுப்பாராம். மூன்று வருஷப் பாடு அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

கூலிப் போராட்டத்தில் கொடி பிடித்து நாகப்பட்டினம் வரை நடந்தவன் நான். அதைச் சொல்லிக்கொண்டே ஏறினேன். பாதிச் சரிவில் பேச்சு நின்றது, மூச்சும் நிற்கப் பார்த்தது. என் மனைவி நாகம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆடு மாதிரி முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் உட்காருறீங்களா?" என்று திரும்பிக் கேட்டாள்.

"எனக்கென்ன? தோட்டத்தைப் பார்க்கணும். நீங்க போங்க" என்றேன். மூச்சு வாங்கினாலும் வீறாப்புக்குக் குறைச்சல் இல்லை.

அவளும் மகளும் மருமகனும் உச்சிக்குப் போனார்கள். நான் திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்தேன். மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் அடுத்தவர் வாழைக்கு ஓடுகிறது, மகள் தோட்டத்து மடை மட்டும் அடைத்திருக்கிறது. எனக்குப் பழசு ஞாபகம் வந்தது. ஆட்சி மாறியும் அடங்காத எங்கள் ஊர்ப் பண்ணையார், விவசாயச் சங்கத்தில் சேர்ந்தோம் என்று மடையை அடைத்து எங்கள் குத்தகைப் பயிரைக் காயப்போட்டவர். அப்புறம் காய்ந்த மண்ணைப் பார்த்துவிட்டு என் கால் சும்மா இருக்குமா? குதிகாலால் ஒரு தள்ளு. தண்ணீர் உள்ளே பாய்ந்தது. மருமகனுக்கே விவசாயம் கற்றுக்கொடுத்துவிட்ட பெருமையில் துண்டை விரித்துப் படுத்தேன்.

அம்சவல்லி ஓடிவந்து மண்ணை அள்ளி மடையை அடைக்கும் சத்தத்தில்தான் கண் விழித்தேன்.

"பழம் இனிக்கணும்னு தண்ணியை நிறுத்தி வச்சிருக்கோம்ப்பா. இப்போ பாய்ச்சினா சப்புனு போயிடும். வெடிச்சும் போயிடும்."

ரெத்தினம், நனைந்த வரிசைகளைப் பழத்தில் தண்ணீர் ஏறுமுன் அறுத்துவிடலாம் என்று கூடையை எடுத்தார். எல்லோரும் அறுத்தோம்.

"நல்லதுக்குத்தானேம்மா செஞ்சேன்" என்று முனகினேன்.

"தெரியும்ப்பா. ஆனா இது என் தோட்டம். என்னைக் கேட்டுட்டுத் தொடுங்க."

சுருக்கென்றது. 'என் வயல்' என்று வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது. நில உச்சவரம்புச் சட்டத்தில் பட்டா கைக்கு வந்த பிறகும் குரல் எழும்பவில்லை. இவள் இந்த வயதில், அப்பன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டாள். அவமானமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"சரிங்க" என்றேன், பெற்ற மகளிடம்.