ஆயர் நாற்காலிக்கு அடித்துக்கொண்டவர்கள்

சோபா, மெத்தைகளுக்கு உறை தைப்பதால் எல்லோரும் அவளை மெத்தைக்காரி என்றே கூப்பிட்டார்கள். பழைய மாதாகோயிலிலிருந்து ஆயரின் நாற்காலி அவள் பட்டறைக்கு வந்தபோது, கூடவே புதுக் கோயில் செயலாளரும் வந்தார்.

"பட்டுத்துணியை மட்டும் மாத்துங்கம்மா. ஞாயித்துக்கிழமை புதுக் கோயிலுக்குப் போகுது."

"ஒரு நாற்காலிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? பேராலயம்னா பெரிய கட்டடம்னு அர்த்தமில்ல. ஆயரோட நாற்காலி எங்க இருக்கோ அதுதான் பேராலயம். இது வந்துட்டா பழைய கோயில் வெறும் பங்குக் கோயில்தான்." பக்கத்து வீட்டு மாடியை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டவனைப் போலச் சிரித்தார்.

அவர் போனதும் ஆணிகளைப் பிடுங்கினாள். துணி ஈரத் தோல்போல உரிந்து வந்தது. நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. கறுத்து மக்கிய நாருக்குள் ஓர் எலிக்கூடு. அதில் குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து கிடந்தன. வெளியே ஓடிப்போய்த் துப்பினாள். பிறகு செயலாளருக்குப் போன் போட்டாள்.

"சார், உள்ளே எலி செத்துக் கிடக்கு. எல்லாத்தையும் கொட்டிட்டுப் புதுசா அடைக்கிறேன்."

"ஐயோ, கொட்டிடாதீங்க! எத்தனை ஆயருங்க உட்கார்ந்தது! கொஞ்சம் சென்ட் அடிச்சு மூடிடுங்க."

அவள் போனை வைத்தாள்.

சாயங்காலம் நாத்தனார், பழைய கோயில் பெண்கள் சிலரோடு வந்து நின்றாள்.

"அண்ணி, நாற்காலியை எங்ககிட்டக் குடுத்துடுங்க. இது போச்சுன்னா நம்ம கோயில் மானமே போச்சு."

"முதல்ல உள்ளே என்ன இருக்குன்னு பாருடி."

நாத்தனார் குனிந்து பார்த்தாள். முந்தானையால் மூக்கை மூடினாள். "பரவாயில்ல அண்ணி. அப்படியே துணியைப் போட்டுத் தைச்சுடுங்க."

அதற்குள் யாரோ சொல்லி, செயலாளரும் ஆட்களோடு வந்துவிட்டார். ஆளுக்கொரு பக்கமாக நாற்காலியைப் பிடித்து இழுத்தார்கள். அது சாய்ந்தது. கூடு முழுவதும் நாத்தனாரின் காலில் கொட்டியது. அப்போதும் அவள் பிடியை விடவில்லை. ஒரு கையால் மூக்கு, மறு கையால் நாற்காலி. "ஆண்டவரே, ஆண்டவரே" என்றபடியே செயலாளர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சீ!" என்று கத்தினாள் மெத்தைக்காரி. "வெளியே எடுத்துட்டுப் போங்க! ரெண்டு பேரும் இனிமே என் வாசப்படி மிதிக்கக் கூடாது!"

தெருவில் நாற்காலி உடைந்தது. ஒரு கைப்பிடி பழைய கோயிலுக்குப் போனது, மிச்சம் புதுக் கோயிலுக்கு. இரண்டு வாசலிலும் இப்போது 'பேராலயம்' என்று பலகை தொங்குகிறது. பட்டறைத் தரையை அவள் மூன்று முறை பினாயில் ஊற்றிக் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோயிலுக்கும் போகாமல், பூசைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்து அறைதான் அங்கே சிற்றாலயம்; நாலு பெஞ்சு, சுவரில் ஒரு சிலுவை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ் மெல்லக் கேட்டாள்:

"நீங்க பழைய பேராலயமா, புதுசா?"

மெத்தைக்காரி எழுந்து பின்பெஞ்சுக்குப் போனாள்.