கல்யாண சிடியில் ஒரு பந்தயம்

ஆரல்வாய்மொழியில் ஜெபமணியிடம் யாராவது புதுக் கார் வாங்கின விஷயத்தைச் சொல்லிவிட்டால் போச்சு. "காரா அது? சோப்புக்கட்டி. பின்னால பேரு எழுதி ஒட்டலன்னா எந்தக் கம்பெனிக்காரன் செஞ்சதுன்னு அவனுக்கே தெரியாது" என்று ஆரம்பிப்பார். அடுத்த நிமிஷம் கேட்டவரைக் கையோடு கூட்டிக்கொண்டு எழுபத்துநாலாம் வருஷத்துச் சோழவரத்துக்குப் போய்விடுவார். லேசில் திரும்ப விட மாட்டார்.

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிறது சோழவரம். அங்கே ஒரு பழைய விமான ஓடுதளத்தில் அந்தக் காலத்தில் கார்ப் பந்தயம் நடக்கும். சென்னையில் ஒர்க்‌ஷாப் மெக்கானிக்காக இருந்த ஜெபமணி முதலாளியின் பியட் காரை அதில் ஓட்டினார். பம்பரைக் கழற்றி, டிரைவர் சீட்டைத் தவிர மற்றதையெல்லாம் பிடுங்கி எறிந்த பியட். அவருக்கு எதிரி, அம்பாசடர் ஓட்டிய முட்டத்துக் கிளீட்டஸ். இரண்டு பேரும் ஒரே ஜில்லாக்காரர்கள், ஒரே அறையில் தங்கி ஒரே பானையில் பொங்கித் தின்றவர்கள். பந்தய நாளில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

"வளைவுல அம்பாசடர் புள்ளத்தாச்சி மாதிரி சரியும், கேட்டியா. அங்க பியட்டு உள்ள நுழைஞ்சிரும். நேர் ரோட்டுல அம்பாசடரு திரும்பப் பிடிக்கும். சனம் ரெண்டு கட்சியா பிரிஞ்சு நின்னு கத்தும். ஏன் தெரியுமா? ரெண்டும் நம்ம தெருவுல ஓடுன காரு. நம்ம டாக்டருக்க காரும் நம்ம சர்ச் ஐயருக்க காரும் மல்லுக்கு நின்னா எப்பிடி இருக்கும்? இப்ப டிவியில காட்டுகானே, அது எவனுக்க காரு?"

கேட்கிறவர்களுக்கும் அந்தப் புழுதியும் பெட்ரோல் மணமும் வந்துவிடும். அவ்வளவு நன்றாகச் சொல்லுவார். ஒன்றை மட்டும் சொல்ல மாட்டார். மூன்று வருஷம் ஓட்டியும் ஒரு தடவைகூட கிளீட்டஸை முந்தி வந்ததில்லை. அவர் ஓட்டியதற்கு அத்தாட்சியாக ஒரு போட்டோகூடக் கிடையாது. அந்த ஏக்கம் மனுஷனுக்கு உள்ளே கிடந்தது.

இரண்டாயிரத்துப் பத்து ஜூனில் அவருடைய ஒரே மகள் ஜினிஷாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நாகர்கோவில்காரர் ஜெரிஷ், பேங்க் வேலை. பெண்ணை சர்ச்சுக்குக் கூட்டிப்போக ஏசி கார் பிடிக்கலாம் என்று மனைவி நேசம்மாள் சொன்னாள். ஜெபமணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொந்தமாக வைத்துப் பராமரிக்கிற பழைய பியட்டை இரண்டு நாளாகத் துடைத்து, ரிப்பன் கட்டித் தயாராக நிறுத்திவிட்டார். "எனக்க மகள எனக்க காருலதான் கொண்டு போவேன்" என்றார். ஜினிஷாவும், "விடுங்கம்மா, அப்பாவுக்க ஆசை" என்று சொல்லிவிட்டாள்.

அன்று ஆரல்வாய்மொழிக் காற்று வழக்கம்போல ஆளைத் தள்ளியது. ஜினிஷா பின் சீட்டில் அப்பாவுக்கு நேர் பின்னால் உட்கார, நேசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்னால் திறந்த ஜீப்பில் வீடியோக்காரர் அஜின், கேமராவைப் பின்பக்கம் திருப்பி, பெண்ணின் கார் வருவதைப் படம் பிடித்துக்கொண்டே போனார்.

தோவாளை தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு ஹாரன். அதற்குப் பிறகு நடந்ததை ஜெபமணி ஒரு மாதமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். டீக்கடையிலும் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களையும் நிறுத்திச் சொன்னார்.

"கண்ணாடியில பாக்கேன், கல்யாணத்துக்கு வாற கிளீட்டஸுக்க அம்பாசடரு! ஹாரன் அடிக்கான், அடிக்கான், வலது பக்கமா ஏறி வாறான். அவனுக்க பெஞ்சாதி இடது சீட்டுல இருந்து கைய வெளிய நீட்டி டாட்டா காட்டுகா. எனக்க மகளுக்க கல்யாணத்தன்னைக்கே எனக்கு டாட்டாவா? மிதிச்சேன் ஒரு மிதி. வண்டிய வலது பக்கம் அணைச்சேன். ஒப்பத்துக்கு ஒப்பம் வந்தான். கடைசில பிரேக்க போட்டுப் பின்னால போயிட்டான். முப்பத்தாறு வருஷம் கழிச்சு ஜெயிச்சேம்பிலே."

"பின்னால இருந்தவங்க பயப்படலியா அண்ணாச்சி?" என்று யாராவது கேட்டால் சிரிப்பார். "ரெண்டும் கெடந்து கத்தினாளுவ. சோழவரத்துல ஓட்டினவன் நான், சும்மா இருங்கன்னு சொன்னேன்."

கிளீட்டஸிடம் கேட்டவர்களுக்கு அவர், "ஆமா, அவன்தான் ஜெயிச்சான்" என்று மட்டும் சொன்னார்.

ஜெபமணியின் சந்தோஷத்துக்கு முக்கியக் காரணம் கேமரா. இந்தத் தடவை படம் இருக்கிறது. அவரே அஜினின் ஸ்டுடியோவுக்குப் போய், "அந்த இடத்த ஸ்லோமோஷன்ல போடணும் தம்பி, பாட்டும் சேர்த்து" என்று சொல்லிவிட்டு வந்தார். அஜின் தலையைச் சொறிந்தார். "ரோட்டுல எடுத்ததை வெட்டிருங்கன்னு ஜினிஷா போன்ல சொன்னாங்களே" என்றார். "அவளுக்கென்ன தெரியும்? துட்டு குடுக்கவன் நான்" என்றார் ஜெபமணி.

சிடி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் கூட்டம் சேர்த்துவிட்டார். மகளும் மருமகனும் வந்தார்கள். சம்பந்தி வீட்டுக்காரர்களுக்குத் தனியாக அழைப்பு. கிளீட்டஸுக்கும் மனைவிக்கும் போன் போட்டு வரவழைத்தார். தோற்றவன் எதிரில் இருந்து பார்த்தால்தானே படத்துக்கு ருசி. ஆட்டுக்கறிச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். ஜெபமணி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அலங்காரம், ஜெபம், வீட்டைவிட்டு இறங்குவது எல்லாம் ஓடியது. கார் கிளம்பும்போது ஜினிஷா, "அப்பா, இத ஓட்டி விடுங்க. சர்ச் வரட்டும்" என்றாள். "இரு மக்கா, இதுலதானே காரியமே இருக்கு" என்றார் அப்பா. நேசம்மாள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். காப்பி போடப் போகிறாள் என்று நினைத்தார்கள்.

காற்றாலைகளுக்கு நடுவே பியட் வந்தது. பின்னால் அம்பாசடர் தெரிந்தது. "பாத்துக்கிடுங்க" என்றார் ஜெபமணி. படம் மெதுவானது. பாட்டு உரக்கக் கேட்டது.

பியட்டின் பின்கதவுக்கு வெளியே வெள்ளையாக ஏதோ பறந்தது. முதலில் ரிப்பன் என்றுதான் தோன்றியது. ரிப்பன் இல்லை, ஜினிஷாவின் தலையில் குத்தியிருந்த நெட்டு, மணப்பெண் போடுகிற வெள்ளை வலைத்துணி. கதவை அடைக்கும்போது காற்று அதன் பாதியை வெளியே தள்ளியிருக்கிறது. அது கதவின் அடியில் சிக்கி, பின் டயருக்குப் பக்கத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அம்பாசடர் பக்கத்தில் வந்தது. கிளீட்டஸின் மனைவி டாட்டா காட்டவில்லை. பின்கதவைச் சுட்டிக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். கிளீட்டஸ் ஒரு கையால் ஹாரனை அழுத்தி, மறு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளோடு சேர்ந்து கத்தினார். கண்ணாடிக்குள்ளே ஜினிஷாவின் தலை கதவுப் பக்கம் இழுபட்டுச் சாய்ந்திருந்தது. இரண்டு கையாலும் கொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நேசம்மாள் அவளைக் கட்டிப்பிடித்து இழுத்தபடி புருஷனின் தோளில் அடித்தாள். முன்சீட்டில் ஜெபமணி சிரித்தார். வாய் நிறையச் சிரித்துக்கொண்டே வண்டியை வலது பக்கம் அணைத்தார். நெட்டு அம்பாசடரின் சக்கரத்தை எட்டிப் பார்த்தது. அந்தக் கணத்தில்தான் கிளீட்டஸ் பிரேக் போட்டுப் பின்னால் போனார். நெட்டு ஓரிடத்தில் கிழிந்து, ஜினிஷாவின் தலை விடுபட்டது.

சிரித்த அந்த முகத்தை ஸ்லோமோஷன் விடாமல் காட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் இரண்டு புறாக்களை வேறு பறக்க விட்டிருந்தார் அஜின்.

சம்பந்தியம்மா தன் மருமகளின் தலையையே பார்த்தாள். ஜெபமணிக்கு ரிமோட்டில் எதை அழுத்துவது என்று தெரியவில்லை. ஜினிஷாதான் எழுந்து வந்து, அவர் கையிலிருந்து அதை மெல்ல வாங்கிப் படத்தைத் தள்ளிவிட்டாள். சர்ச் வந்தது. ஐயர் வந்தார். சம்பந்தி தொண்டையைச் செருமி, "கொயர் நல்லா பாடினாங்க" என்றார்.

சர்ச் கேட்டில் மாட்டி நெட்டு கிழிந்துவிட்டது என்று அன்றைக்கு நேசம்மாள் சொல்லியிருந்தாள். கிழிசலை உள்ளே மடித்துக் குத்திவிட்டார்கள். ஜெபமணியும் நம்பினார். அவர் அப்போது ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தார்.

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஒரு மாதமாக அந்தக் கதையை யார் யாரிடம் சொன்னோம் என்று நினைத்துப் பார்த்தார். சொல்லாத ஆள் மிச்சமில்லை.

திண்பண்டம் வைத்த தட்டு கைமாறிக்கொண்டிருந்தபோது அவர் வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்றார். கிளீட்டஸும் பின்னாலேயே வந்தார்.

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா கிளீட்டஸு" என்றார் ஜெபமணி.

"சொல்லத்தானே மக்கா பக்கத்துல வந்தேன். பொறவு சர்ச் வாசல்ல நீ சின்னப் பயல மாதிரி சிரிச்சுக்கிட்டு எறங்கி வாற. உனக்க மக எங்கிட்ட வந்து, மாமா, அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்கன்னு கையப் பிடிச்சா. நான் என்ன செய்ய?"

"அவளா சொன்னா?"

"அவதான். கிழிஞ்ச நெட்ட மறு கையில சுருட்டிப் பிடிச்சிருந்தா."

ஜெபமணி காரின் பின்கதவைத் திறந்து, அடைத்து, மறுபடி திறந்து பார்த்தார். கதவில் குற்றம் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் மகளும் மருமகனும் கிளம்பினார்கள். சிடியில் பார்த்ததைப் பற்றி ஜெரிஷ் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல பையன். மாமனாரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று நினைத்திருப்பான் போல. பையைத் தூக்கிக்கொண்டே, "பஸ்ஸுக்கு ஏன் நிக்கணும்? மாமா நம்மளக் கார்ல கொண்டு விடட்டுமே" என்றான்.

"வேண்டாம்" என்றாள் ஜினிஷா.

யோசிக்காமல், மூச்சு விடாமல் வந்துவிட்ட வார்த்தை. உடனே அவளுக்கே தெரிந்துவிட்டது. "இல்ல, அப்பாவுக்கு அலைச்சல். பஸ்ஸுன்னா காத்து வரும்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். ஜெபமணிக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு தடவை வீட்டுக்கு வந்துபோன மகள் இரண்டு தடவையும் பஸ்ஸில்தான் போனாள். ஒரு தடவை தலைவலி என்றாள். இன்னொரு தடவை வழியில் ஒரு சிநேகிதி ஏறுவாள் என்றாள். அவரும் சரி சரி என்று தலையாட்டியிருந்தார்.

"ஆமா மக்கா, பஸ்ஸுதான் நல்லது" என்றார்.

அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஜெபமணி மருமகனின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் போகாமல், பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரை நடந்தார்.