வாசலுக்கு நேர் எதிரே

என் கல்யாணம் தட்டிப்போவதற்குக் காரணம் கார் ஷெட்டின் நடுக்கால் என்று அத்தை பார்வதம் கண்டுபிடித்தாள். வாசற்படிக்கு நேர் எதிரே கால் நின்றால் வாசல் குத்தாம். வருகிற வரன் அப்படியே திரும்பிப் போய்விடுமாம். கார் எங்களிடம் என்றைக்கும் இருந்ததில்லை. கள்ளிக்குப்பத்தில் வீடு வாங்கிய நாளிலிருந்து அந்தக் காலில் துணிக்கொடிதான் கட்டியிருந்தோம்.

அப்பா கலியமூர்த்தி ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டர். அங்கே ஒரு போல்ட் தளர்ந்திருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. வீட்டிலோ தன் அக்கா சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. அம்மா போன பிறகு அத்தை வைத்ததுதான் சட்டம். அப்பா மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

பெண் பார்க்க வரும் நாளன்று காலையிலேயே தச்சர் வேம்புலி வந்தார். ஷெட்டின் உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"சார், இது ஒரே மரம் இல்ல. ரெண்டு துண்டு. ஒட்டு இந்தக் கால் தலை மேலதான் குந்திகினு கீது. கால நவுத்தினா ஒட்டு அந்தரத்துல தொங்கும்."

"அப்ப என்ன செய்யலாம்?"

"ரெண்டு பக்கமும் பலகை வெச்சு, உத்திரத்தோட சேத்து போல்ட் முடுக்கணும்."

வேங்கைப் பலகை வந்தது. துளையும் போட்டாயிற்று. ஆனால் அப்பா வாங்கி வைத்திருந்த போல்ட்டுகள் குட்டை. உத்திரத்தின் கனத்தை அளந்தவர், இரண்டு பலகைகளின் கனத்தைக் கூட்ட மறந்திருந்தார். ஃபிட்டராம்.

நல்ல நேரம் முடியப்போகிறது என்று அத்தை நச்சரித்தாள். வேம்புலி பலகைகளை ஆணியடித்து நிறுத்தினார். ஒட்டுக்கு அடியில் ஒரு சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, காலைப் பிடுங்கித் தள்ளி நட்டார். நீள போல்ட் வாங்க இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் கிளம்பும்போது, "நான் வர்ற வரிக்கும் முட்டுக் கட்டைய மட்டும் யாரும் தொடாதீங்க" என்றார்.

சாயங்காலமாகியும் அவர் திரும்பவில்லை. அத்தை வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏண்டா தம்பி, காலை எடுத்துட்டு அதே இடத்துல கட்டைய நட்டு வெச்சிருக்கியே. இதுவும் குத்துதானே?"

அப்பா கட்டையைப் பார்த்தார். பட்டுப்புடவையில் நின்ற என்னைப் பார்த்தார்.

"வேண்டாம்பா, அவர் வரட்டும்" என்றேன்.

"ஆணி இருக்கும்மா. அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் தாங்கும். நீ உள்ள போ."

சுத்தியலால் தட்டிக் கட்டையை எடுத்துவிட்டார். உத்திரம் அப்படியே நின்றது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் கேட்டருகே மாப்பிள்ளை வீட்டாரின் அம்பாசிடர் வந்தது. "உள்ள விடுங்க, நெழல்ல நிக்கட்டும்" என்று அப்பா இரண்டு கையாலும் அழைத்தபடியே பின்னால் நடந்து ஷெட்டுக்குள் வந்தார். அப்போதுதான் ஆணிகள் கிறீச்சிட்டுக் கழன்றன. உத்திரம் ஒட்டில் பிரிந்து, கூரை ஷீட்டுகளோடு அவர் மேல் விழுந்தது.

அப்பாவுக்கு உயிர் இருந்தது. என் பெயரைச் சொன்னார். நான் காரிடம் ஓடினேன். "ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு விடுங்க" என்று கண்ணாடியைத் தட்டினேன். பழத்தட்டை மடியில் வைத்திருந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கார் ரிவர்ஸில் தெருமுனை வரை போய் மறைந்தது.

ஆட்டோ கிடைத்துப் போனபோது ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. கேட் திறந்தபோது என் மடியில் அப்பா இல்லை, உடம்புதான் இருந்தது.

காரியத்தன்று வந்தவர்களிடம் எல்லாம் அத்தை அழுதுகொண்டே சொன்னாள்: "அந்தக் காலை அப்பவே எடுத்திருந்தா என் தம்பி பொழச்சிருப்பான். குத்து அவனைக் கொண்டுபோயிடுச்சு." எல்லோரும் தலையாட்டினார்கள். முட்டுக் கட்டையைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொல்லையில் கிடந்த சவுக்குக் கட்டையை இழுத்து வந்தேன். வாசலுக்கு நேர் எதிரே குழி தோண்டினேன்.

"அடி வனஜா, உனக்கு இனிமே கல்யாணமே நடக்காதுடி" என்றாள் அத்தை.

நான் கட்டையை நட்டு, மண்ணை மிதித்து இறுக்கினேன். இன்றும் அது அங்கேதான் நிற்கிறது. அதில்தான் துணி காயப்போடுகிறேன்.