குவான் தேர்ந்தெடுத்த வெள்ளைக் கட்டிகள்

துணைத் தலைமைப் பொறியாளர் குவான் தேமிங் அன்று காலையிலிருந்து தலை வாரிக்கொண்டே இருந்தார். வாருவதற்குக் காதோரத்தைத் தவிர வேறெங்கும் முடி இல்லை என்று அந்த எண்ணெய் வயலில் யாரும் அவரிடம் சொல்லத் துணியவில்லை. தலைமைப் பொறியாளர் நாற்காலி காலியாக இருந்தது. மேலிடத்திலிருந்து தலைவர் பெய் வருகிறார். அவர் பார்த்துவிட்டுத் திரும்பியதும் அந்த நாற்காலி தனக்குத்தான் என்று குவான் மனசுக்குள் உட்கார்ந்தே விட்டார்.

பூமிக்கடியில் பாறையோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும் எண்ணெயைக் கழுவி எடுக்க, காரமும் சோப்பு மாதிரி ஒரு திரவமும் கோந்தும் கலந்து கிணறுகளுக்குள் செலுத்துவது அவருடைய திட்டம். அந்தக் கலவை, கிணற்றின் இரும்புக் குழாயைச் சுற்றியிருக்கும் சிமெண்டையே அரித்துவிட்டால்? எல்லாம் குழாயோரமாக மேலேறி, ஊர் குடிக்கிற நிலத்தடித் தண்ணீரில் கலக்கும். ஆய்வுக்கூடப் பொறியாளர் சூ யென்லிங் இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். குவானோ சிமெண்ட் கட்டிகளைச் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, நசுக்கிப் பார்த்து, இதனிடம் இரும்பே தோற்றது என்று அறிக்கை எழுதிவிட்டார். பெரிய மூளை! யென்லிங் விடாமல் தன் பங்குக்குக் கொஞ்சம் கட்டிகளை அந்தக் கலவையிலேயே ஊறப்போட்டாள்.

தலைவர் வருகிறார் என்றால் அங்கே சாலையோர மரங்களின் அடிக்குக்கூடச் சுண்ணாம்பு பூசிவிடுவார்கள். சுண்ணாம்பு வாளிகளைத் தாண்டிக்கொண்டு குவான் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார். மேசைமேல் இரண்டு தட்டுகள். ஒன்றில் கட்டிகள் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்தன. மற்றதில் தோஃபு என்கிற சோயாக் கட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று, வழவழப்பாக.

"என்ன யென்லிங், இப்படி அழுது வடியுது? இதையா தலைவர் முன்னாடி வைப்ப?"

"சார், அந்த வெள்ளை வந்து..."

"வெள்ளைதான் வேணும். சிவப்புத் துணி விரிச்சு அடுக்கு."

"ஒரு நிமிஷம் கேளுங்க சார், அது நம்ம..."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? நான் சிமெண்ட் குழைச்ச காலத்துல நீ தொட்டில்ல கெடந்த தாயி!"

யென்லிங் சிவப்புத் துணியை விரித்து வெள்ளைக் கட்டிகளை அடுக்கினாள். அதில் அவளுக்கு வருத்தம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

தலைவர் பெய் சூரியகாந்தி விதை கொறித்தபடி வந்தார். குவான் ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்து நசுக்கும் எந்திரத்தில் தன் கையாலேயே வைத்தார்.

"பாருங்க தலைவரே, இத ஒடைக்கிறதுக்குள்ள மெஷினுக்கே மூச்சு வாங்கிரும்!"

எந்திரத்தின் முள் அசைந்ததோ இல்லையோ, கட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. முள் நின்றதும் கைதட்ட வேண்டும் என்று பழக்கப்பட்ட ஊழியர்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

"இன்னொண்ணு வை," என்றார் பெய்.

அதுவும் உதிர்ந்தது. இந்த முறை யாரும் தட்டவில்லை.

"இது எதுலம்மா ஊறுச்சு?" என்று பெய் யென்லிங்கைக் கேட்டார்.

"கிணத்துக்குள்ள எறக்கப்போற அதே கலவையில, தலைவரே," என்றாள் யென்லிங்.

குவானுக்கு அப்போதுதான் புரிந்தது. நாற்காலி கண்ணெதிரே நழுவுகிறது. ஓடிப்போய்ச் சாம்பல் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தலைவரே, தட்டு மாறிப்போச்சு! நல்ல கட்டி இதுதான். இதெல்லாம் சுத்தமான தண்ணில ஊறினது. சத்தியமா அந்தக் கலவை ஒரு சொட்டுகூடப் படல!"

பெய் விதைத்தொலியைத் துப்பினார்.

"அப்ப கிணத்துலயும் ஒரு சொட்டு படாமப் பாத்துக்குவோம், குவான்."

திட்டம் அன்றே நின்றது. நாற்காலிக்கு வேறு ஊரிலிருந்து ஆள் வந்தார். குவானை வீட்டுக்கு அனுப்பவில்லை, விருந்தினரை வரவேற்கும் பொறுப்பில் போட்டார்கள். அந்த வேலையில் மனிதரை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.