ஊதிக் காட்டுங்க

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையின் முடிச்சைக் கொழுந்தன் அவிழ்த்தான். உள்ளே அண்ணனின் சட்டை, பேன்ட், பெல்ட். ஸ்பிரிட் வாசனை குப்பென்று எழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் முடிச்சுப் போட்டான்.

"திரும்பவும் ஆரம்பிச்சிட்டாரு, இல்ல அண்ணி?"

அவனுக்கு எல்லா ஸ்பிரிட் வாசனையும் சாராயம்தான். அது வேலைச் சட்டை. அவர் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் தொட்டு, நாள் முழுக்கக் கட்டிலையும் பீரோவையும் தேய்க்கிறவரின் சட்டை வேறு எப்படி மணக்கும்? இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் சொன்னால், அப்புறம் எப்படிச் செத்தார் என்ற கேள்வி வரும். அதற்குத்தான் பயந்தாள்.

கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்த பெட்டி இருந்தது. சுவரோரம் போட்டிருந்த நாற்காலிகளில் பேச்சு நடந்தது.

"விட்டுட்டாருன்னு சொன்னாங்களே?"

"விடுறதாவது! ரத்தத்துல ஊறினதுப்பா."

"இவ பாவம். எத்தன வருஷம் மல்லுக்கட்டினா."

ஒவ்வொரு பேச்சும் அவளுக்குக் குடை பிடித்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

குடியை நிறுத்தி முன்னூற்றுப் பதினாறு நாள் ஆகியிருந்தது. முதல் வாரத்திலேயே அந்த வழக்கம் வந்துவிட்டது. சட்டையை நம்ப முடியாது, எனவே மூச்சு. ஆறு மணிக்கு வாசற்படியில் நிற்பார். அவள் முகத்தை அருகே கொண்டுபோய், "ஊதுங்க" என்பாள். ஊதுவார். டீ வாசனை வரும். உள்ளே விடுவாள். பள்ளிக்கூடப் பையன் நகத்தைக் காட்டுகிற மாதிரி அவர் நிற்பதைப் பார்த்து ஒருநாள் அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

"இனிமே வேணாங்க. எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு."

அவர் முகம் வாடிவிட்டது. "எனக்கு வரலையே. அந்தப் பிராந்திக் கடையைத் தாண்டும்போதெல்லாம் உன் மூக்கைத்தான் நெனச்சுக்கிட்டு வர்றேன். நீ கேளு."

பாவி மனிதர், அதைச் சிரிக்காமல் சொன்னார். குடிக்காத மாலைகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டிவியில் சோப்பு விளம்பரத்துக்கு அழுவார். பழைய நாட்களில் அவளிடம் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். "நான் அப்படியா சொன்னேன்?" என்பார். இல்லை என்று அவள் பொய் சொல்லவேண்டும்.

நேற்று ஆறு மணிக்கு வரவேண்டியவர் இரண்டு மணிக்கே வந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஆடினார். ஏதோ சொன்னார், குழறியது.

"ஊதுங்க."

உதடு குவியவில்லை. ஒரு பக்கமாக எச்சில் வழிந்தது. ஊத மாட்டேன் என்கிறார் என்று நினைத்தாள். முகத்தை அருகே கொண்டுபோகவும் மனம் வரவில்லை. நேற்று ஒருநாள்தான் கொண்டுபோகவில்லை.

"அவ்வளவுதானா? இதுக்கா இத்தன நாளு?"

அறைக்குள் போய்த் தாழ் போட்டாள். அவர் மூன்று தடவை தட்டினார். அந்தச் சத்தம் கேட்கக்கூடாதென்று தையல் மெஷினை மிதித்தாள். எட்டுத் தலையணை உறை தைத்து முடித்துக் கதவைத் திறந்தபோது மணி ஐந்து. அவர் கதவோரத்தில் சரிந்து கிடந்தார். அப்போதுதான் குனிந்து மூச்சை முகர்ந்தாள். டீ வாசனை.

ராத்திரி ஆஸ்பத்திரியில் உயிர் போனது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். "உடனே கூட்டிட்டு வந்திருக்கணும்மா." அதைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

இன்று மூன்று மணி வாக்கில் ஒருவர் வந்து வாசலிலேயே நின்றார். குடியை நிறுத்தியவர்கள் வாராவாரம் கூடும் இடத்தில் அவருக்கு வாத்தியார் என்று பெயர். பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறவர். மூன்று முறை நிறுத்தி மூன்று முறையும் சறுக்கியவர். அவள் எழுந்து அவரிடம் போனாள்.

"உள்ள வாங்க சார்."

"ஒன்னு கேக்கணும்மா. தப்பா எடுத்துக்காதீங்க." சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இன்னையோட நாப்பத்தோரு நாள். உங்க வீட்டுக்காரரு தினமும் போன் பண்ணுவாரு. 'வாத்தியாரே, ஊதுங்க'ம்பாரு. போன்லயே ஊதுவேன். ரெண்டு பேரும் சிரிப்போம்."

"சொல்லுங்க."

"தெருமுனைல ஒருத்தர் சொன்னாரு, குடிச்சுதான் போனாருன்னு. அவராலயே முடியலன்னா, நான் எதுக்குங்க இந்தப் பாடுபடணும்?"

அவர் கண்கள் அவள் வாயையே பார்த்தன. வந்த வழியே திரும்பினால் அந்தக் கடையைத்தான் இவரும் தாண்டவேண்டும்.

"அவரு குடிக்கல சார்."

கூடத்தில் பேச்சு நின்றது.

"அண்ணி, விடுங்க. இப்ப எதுக்கு?" என்றான் கொழுந்தன்.

"குடிக்கல. வாய் கோணிப் போயிருந்துச்சு. என்னால புரிஞ்சுக்க முடியல. நான்தான் குடிச்சிருக்காருன்னு நெனச்சு உள்ள போய்த் தாழ் போட்டுக்கிட்டேன். மூணு தடவ தட்டினாரு."

கொழுந்தன் பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டான்.

"எவ்வளவு நேரம் அண்ணி?"

"மூணு மணி நேரம்."

அவன் எழுந்து வெளியே போனான். நாற்காலியில் இருந்த பெண்களில் ஒருத்தி தன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள், இவள் மேல் படக்கூடாது என்பதுபோல. குடை போய்விட்டது. வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பெட்டியின் அருகே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான்கு மணிக்குப் பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"பாக்கணும்னா பாத்துக்கங்கம்மா."

அவர் வாயின் இடப்பக்கம் இன்னும் லேசாக இறங்கியிருந்தது. அவள் பெட்டியின் விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்து, தன் முகத்தை அவர் உதட்டருகே கொண்டுபோனாள். மூடியைப் பிடித்திருந்தவர்கள் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள்.